இரண்டாவது 'கேட்டு'

முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தினேன். அச்சுக் கோப்பவர் கை தவறி ஒரே சொல்லை இரண்டு தடவை கோத்திருந்தால் ஒன்றை அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் 'கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது' என்ற வரியிலும் ஒரு 'கேட்டு'வை அடித்துவிட்டேன். கதை எழுதியவர் நேரிலேயே வந்துவிட்டார். "ஒரு தடவை கேட்டா யாருக்குய்யா சலிக்கும்?"

நியாயம்தான். இரண்டாவது 'கேட்டு' இருந்தால்தான் 'பல தடவை' என்ற பொருளே வரும்.

சில மொழிகளில் இதற்கென்று வினைச்சொல்லின் உருவத்தையே மாற்றுகிறார்கள். லத்தீனில் 'அகெரே' என்றால் ஓட்டுவது; 'அகிதாரே' என்றால் இப்படியும் அப்படியுமாக ஓயாமல் ஆட்டுவது. ஹங்கேரிய மொழியில் 'ஒல்வஷ்' படிப்பது. வாலில் 'கத்' ஒட்டி 'ஒல்வஷ்கத்' என்றால், அவ்வப்போது எடுத்து நாலு பக்கம் மேய்வது. மலாய் நம்மைப் போலவே இரட்டிக்கும். 'ஜாலான்' நடை, 'ஜாலான்-ஜாலான்' உலா. முன்பெல்லாம் அங்கே சொல்லை ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் 2 என்று போட்டுவிடுவார்கள். 1972 எழுத்துச் சீர்திருத்தம், முழுதாகவே எழுதச் சொல்லிவிட்டது. மெய்ப்புக்காரனான எனக்கு அந்த 2 போனதில் வருத்தம்தான்.

தமிழில் இரட்டிப்பதிலும் இரண்டு தினுசு. 'தோண்டித் தோண்டி ஓய்ந்துபோனான்': தோண்டியவனும் ஓய்ந்தவனும் ஒரே ஆள், பலமுறை தோண்டிய பிறகே ஓய்ச்சல். 'தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது': தோண்டுவது ஆள், ஊறுவது தண்ணீர், ஒவ்வொரு வெட்டுக்கும் கூடவே ஊறுகிறது. 'தோண்டித் தோண்டித் தண்ணீர் ஊறியது' என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூடச் சொல்லமாட்டாள். அதேபோல, பாட்டு கேட்கக் கேட்க இனிக்கும். புத்திமதியைக் கேட்டுக் கேட்டு ஆள் சலித்துப்போவான்.

'தொணதொணக்கிறார்', 'சலசலத்தது' எல்லாம் வேறு சாதி. அங்கே ஒரு 'தொண'வை அடித்தால் மிச்சத்துக்குப் பொருளே கிடையாது. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்பதைத் தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ஒற்றிலும் வித்தியாசம் உண்டு: 'தோண்டித் தோண்டி'க்கு நடுவில் 'த்' வேண்டும்; 'கடகட'வுக்கு ஒற்று வேண்டாம். இதில் தடுமாறாத பத்திரிகையை நான் பார்த்ததில்லை, நான் வேலை பார்த்தது உட்பட.

இப்போது மெய்ப்புப் பார்க்கும் தம்பி தங்கைகளே, 'ஆனால் ஆனால்' என்று வந்தால் தாராளமாக ஒன்றை அடியுங்கள். இரட்டித்து நிற்பது வினைச்சொல் என்றால், பேனாவை வைத்துவிட்டு வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.