செயல்திட்டவழிக் கற்றலும் மென்திறன் வளர்ச்சியும்: பனமலைக் கோயிலின் எண்ணிம மாதிரியாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மென்திறன்களைத் தனிப்பாடமாகக் கற்பிப்பதைவிட, அவை இன்றியமையாதனவாகும் ஒரு பணியின் வழி வளர்ப்பதே நிலைத்த பயன் தரும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். செஞ்சி வட்டாரத்துப் பனமலைக் கோயிலை முப்பரிமாண மாதிரியாக்கும் செயல்திட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் படிநிலைகளும் மதிப்பீட்டு முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செயல்திட்டவழிக் கற்றல், மென்திறன், எண்ணிம மாதிரியாக்கம், ஒளிப்பட அளவியல், பனமலை.

முன்னுரை

பிறர் கூறுவதைச் செவிமடுத்தல், குழுவாக இயங்குதல், காலத்தைத் திட்டமிடல், கருத்து வேறுபாட்டைத் தீர்த்தல் ஆகியன மென்திறன்களுள் முதன்மையானவை. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்திற்குப் பின்னர், மாணவர்தம் திறன் வளர்ப்பு கல்லூரிகளில் முனைப்புப் பெற்றுள்ளது. எனினும் மென்திறன் எழுத்துத் தேர்வால் அளக்கப்படுமாயின், செவிமடுத்தலின் வகைகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மாணவர், உடன்பயிலும் ஒருவரின் பேச்சை ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டிருக்க வேண்டிய தேவையில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரைக்கான சிக்கலாகும்.

கோட்பாட்டுப் பின்புலம்

அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே கற்றலின் மையமாகக் கொண்டது. நோக்கமுடைய பணியே கல்வியாகும் என்பது இரண்டிற்கும் பொதுவான அடிப்படை.

பனமலை: களத்தின் பொருத்தம்

பனமலைக் குன்றின்மேல் அமைந்த தாளகிரீசுவரர் கோயில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. விமானத்தின் பக்கங்களில் இணைந்துள்ள சிற்றாலயங்கள், மன்னனின் வடமொழிக் கல்வெட்டு, சிற்றாலயம் ஒன்றில் எஞ்சியுள்ள உமையின் ஓவியம் ஆகியன இதன் சிறப்புகள். குடைநிழலில் ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் உருவம் ஓரளவு காணக்கிடைக்கிறது. அவள் நோக்கும் சிவனின் ஆடல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. வரலாறு, தமிழ், கணிதம், கணினி அறிவியல் மாணவர்கள் ஒருவரையொருவர் சார்ந்தே செயல்பட வேண்டிய களம் இது.

செயல்படு முறையும் திறன்களும்

முதற்கண் உரிய துறையின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். விண்ணப்பம் எழுதுதலும் அலுவலரிடம் நோக்கத்தை எடுத்துரைத்தலும் மாணவர்க்கு மெய்யான தொடர்பாடல் பயிற்சிகளாகும்.

அடுத்தது ஒளிப்படம் எடுத்தல். ஒளிப்பட அளவியலில் அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு வரை ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மெஷ்ரூம் போன்ற கட்டற்ற மென்பொருள் அப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கிறது. பிளெண்டர் அதனைச் செப்பனிட உதவுகிறது. ஒரு மாணவர் விட்டுவிட்ட மூலை, மாதிரியில் ஓட்டையாக அனைவர் கண்ணிலும் படும். அளவெடுத்த குழு ஒரு நீளத்தைத் தவறாகக் குறித்தால், மாதிரி முழுவதும் அளவு பிறழும். ஆசிரியர் கடிந்துரையாமலே பொறுப்புணர்வைப் பணியே கற்பிக்கிறது.

அழிந்த பகுதியும் கருத்து வேறுபாடும்

அழிந்துபோன ஓவியப் பகுதியை மாதிரியில் எவ்வாறு காட்டுவது என்பதே இச்செயல்திட்டத்தின் கடினமான கட்டம். அழகு கருதி நிரப்பலாம் என ஒரு சாராரும், வெறுமையாகவே விடலாம் என மற்றொரு சாராரும் வாதிடக்கூடும். மரபுச்சின்னங்களின் கணினிவழிக் காட்சிப்படுத்தலுக்கான இலண்டன் சாசனம், சான்றையும் ஊகத்தையும் பயனர் பிரித்தறியச் செய்ய வேண்டும் என வலியுறுத்துகிறது. அதன்படி ஊகப் பகுதிக்கு வேறு நிறம் அளித்து, முடிவிற்கான காரணத்தையும் பதிவு செய்யலாம். குரலை உயர்த்துபவர் வெல்லும் விவாதம், சான்று காட்டுபவர் வெல்லும் விவாதமாக இங்கு மாறுகிறது. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் நேர்மையும் ஒரு மென்திறனே.

மதிப்பீடும் இடர்ப்பாடுகளும்

மாதிரியின் அழகிற்கே மதிப்பெண் வழங்கினால், மென்பொருள் அறிந்த ஒருவரே முழுப்பணியையும் செய்து முடிப்பார், ஏனையோர் பார்வையாளராவர். எனவே பணிப்பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுதல், வாரந்தோறும் பணிக்குறிப்பேடு எழுதுதல், குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடுதல், பனமலை ஊர்மக்கள் முன்னிலையில் தமிழில் விளக்கவுரை ஆற்றுதல் ஆகிய நான்கும் மதிப்பீட்டில் இடம்பெறுதல் வேண்டும். கணினி வசதி குறைந்த கல்லூரிகள் முழுக் கோயிலையும் எடுத்துக்கொள்ளாது, ஒரு தூணை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். குழுப்பணியின் தேவை அதனால் குறைவதில்லை.

முடிவுரை

எண்ணிமக் கருவி தானாக மென்திறனை வளர்ப்பதில்லை. ஒருவர் உழைப்பின் குறை மற்றவர் உழைப்பைப் பாதிக்கும் வகையில் பணி அமையும்போதுதான் மாணவர் கேட்கவும், விளக்கவும், விட்டுக்கொடுக்கவும் கற்கின்றனர். செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ள நிலையில், அதன் அண்மையிலுள்ள பனமலையை மாணவர்தம் ஆய்வுக்களமாக்குவது மரபுக்கும் கல்விக்கும் ஒருசேரப் பயனளிக்கும்.