கொட்டினால் குளவியாகுமா?

புழுவைக் கூட்டில் அடைத்து ஓயாமல் கொட்டினால் அதுவும் ஒருநாள் குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். குருவுக்கும் சீடனுக்கும் அதையே உவமையாகவும் சொன்னார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் இன்றும் குளவி மண்கூடு கட்டுகிறது. உயிருள்ள புழு உள்ளே போனதும், பிறகு கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வந்ததும் கண்ணால் கண்ட உண்மை. நடுவில் ஒரு முட்டை இருந்தது மட்டும் பார்வைக்குத் தப்பிவிட்டது. ஆனாலும், குளவியின் கொட்டு கொல்வதற்கானது அல்ல, மாற்றுவதற்கானது என்று அவர்கள் பிடித்துக்கொண்டது சரிதான். கரப்பான்பூச்சியை வேட்டையாடும் குளவியே அதற்குச் சாட்சி.

மரகதப் பச்சையாய் மின்னும் இந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் ஆம்பியூலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. இந்தியாவிலும் உண்டு. கூட்டமாக வாழாது, தாய் தனியாகவே வேட்டையாடுகிறது. தன்னைவிடப் பெரிய கரப்பானைத் தூக்கிக்கொண்டு பறக்க அதனால் முடியாது. அதனால் முதல் கொட்டு மார்பில் விழுகிறது. முன்னங்கால்கள் சில நிமிடம் செயலிழக்கின்றன. அந்த அவகாசத்தில் அடுத்த கொட்டு, கழுத்து வழியாக நேரே மூளைக்குள். கரப்பான் அரைமணி நேரம் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடும் எண்ணமே இல்லாமல் நிற்கிறது. குளவி அதன் மீசைகளைப் பாதியில் நறுக்கி, மிச்சத்தைப் பற்றி, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை நடத்துவதுபோலப் பொந்துக்கு நடத்திப் போகிறது. கால் ஒன்றின் அடியில் ஒரே ஒரு முட்டை இட்டு, பொந்தின் வாயைச் சிறுகற்களால் அடைத்துவிட்டுப் போய்விடுகிறது.

கை கால் விளங்காமல் போவதுதானே இது என்று கேட்கலாம். அல்ல. இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட் குழுவினர் நஞ்சில் கதிரியக்க அடையாளம் சேர்த்து, அது மூளைக்குள்ளேயே இறங்குவதை 2003இல் காட்டினார்கள். கொட்டுப்பட்ட கரப்பானைப் புரட்டிப் போட்டால் நிமிர்ந்துகொள்கிறது, பறக்கவும் முடிகிறது. தானாக நடக்கத் தொடங்குவதுதான் அதற்கு இயலவில்லை. பொந்துக்குப் போகாமல் தப்பினால் ஒரு வாரத்தில் தேறியும் விடுகிறது. பலம் போகவில்லை, புறப்படும் உந்துதல்தான் போயிற்று. இத்தனை நுட்பம் எதற்கு? செத்த கரப்பான் அழுகிவிடும். குஞ்சுக்கு வேண்டியது உயிருள்ள உணவு.

அப்படியானால் நம் அடுப்படிக் கரப்பானுக்கு இதையே ஏவலாமே என்று தோன்றும். 1941இல் ஹவாய்த் தீவுகளில் அதற்காகவே கொண்டுபோய் விட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. முட்டைக்கு ஒரு கரப்பான் என்பது அதன் கணக்கு. நம் வீட்டைச் சுத்தம் செய்வது அதன் வேலையல்ல. அடைத்த பொந்துக்குள் மூன்று நாளில் முட்டை பொரிகிறது. புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சி, பிறகு கரப்பானுக்குள்ளேயே புகுந்து தின்று, அந்த ஓட்டுக்குள்ளேயே கூடு கட்டிக்கொள்கிறது. சில வாரங்களில் அதை உடைத்துக்கொண்டு வெளியே வருவது குளவி.