குளோப் அரங்கில் நாடகம் பார்க்க...

(பத்தாம் வகுப்பு மாணவி)

சேக்ஸ்பியர் என்றதும் நமக்கு ஆங்கிலப் பாடமும் மனப்பாடப் பகுதியும்தான் நினைவுக்கு வரும். அவர் நாடகங்களை, அவர் காலத்து அரங்கைப் போலவே கட்டிய ஓர் அரங்கில் பார்க்க முடியுமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள குளோப் அரங்கமே அது. அந்நகரில் செவிலியராகப் பணிபுரியும் என் சித்தி வரும் மே மாதம் எங்களை அழைத்திருக்கிறார். யார் யாருக்கு எந்த டிக்கெட் என்று திட்டமிடும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டுவிட்டார்.

முதலில் சிறிது வரலாறு. பழைய குளோப் 1599இல் எழுந்தது. 1613இல் எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகம் நடந்தபோது, பீரங்கி வெடித்த பொறி கூரையில் பற்றி அரங்கமே சாம்பலாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய காற்சட்டையில் பிடித்த தீயைப் பீர் ஊற்றி அணைத்தார்களாம்! (சிஸ்டர், இதை வெட்டிவிடாதீர்கள்.) மறு ஆண்டே மீண்டும் கட்டினார்கள். 1642இல் நாடகங்களுக்குத் தடை வந்து அதுவும் மூடப்பட்டது. இன்றுள்ள அரங்குக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். 1997இல் அது திறக்கப்பட்டதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1993இலேயே காலமானார். கூரை இன்றும் புல்வேய்ந்ததுதான். ஆனால் தீப்பிடித்தால் நீர் தெளிக்கும் குழாய்களையும் பொருத்தியிருக்கிறார்கள்.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். மேடையைச் சுற்றியுள்ள முற்றத்தில் சுமார் 700 பேர் நிற்கலாம். நிற்கத்தான் வேண்டும், நாடகம் நடக்கும்போது தரையில் உட்கார அனுமதியில்லை. முற்றத்துக்கு மேலே வானம்தான். மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. குடை விரித்தால் பின்னால் இருப்பவர்க்கு மறைக்கும் என்பதால் அதுவும் கூடாது. மழைச்சட்டைதான் அணிய வேண்டும். ஆனால் விலையோ மிகவும் மலிவு. திறந்தது முதல் பல ஆண்டுகள் ஐந்து பவுண்டுக்கே கொடுத்தார்கள். சேக்ஸ்பியர் காலத்தில் நிற்பதற்கு ஒரு பென்னி, உட்காருவதற்கு இரண்டு, மெத்தையோடு உட்கார மூன்று. ஏழைத் தொழிலாளியும் பிரபுவும் ஒரே நாடகத்தை ஒரே வேளையில் பார்த்தது இதனால்தான்.

சுற்றியுள்ள மூன்றடுக்கு மாடங்களில் கூரை உண்டு, மரப்பெஞ்சு உண்டு. பல பெஞ்சுகளுக்கு முதுகுச்சாய்வு கிடையாது. மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். மேடையில் இரண்டு பெரிய தூண்கள் இருப்பதால், எந்த இருக்கையிலிருந்து மறைக்கும் என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் எங்கள் வீட்டில் வழக்கு. அம்மாச்சி தமக்கும் நிற்கும் டிக்கெட்டே போதும் என்கிறார். "விடிய விடியப் பாஸ்கா பார்த்தவளுக்கு இந்த மூன்று மணி நேரம் ஒரு கணக்கா?" என்று கேட்கிறார். அது நாற்பது வருடத்துக்கு முந்திய கதை. அதுவும் மணலில் சம்மணமிட்டு அமர்ந்து பார்த்தது. இப்போது கோவிலில் முழந்தாளிட்டால் எழ என் தோளைப் பிடிக்கிறார். காசை மிச்சப்படுத்தவே இந்தப் பிடிவாதம் என்பது எனக்குத் தெரியும். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று தம்பி சொன்னதை நான் ஏற்கவில்லை. எங்களுக்கு முதன்முதலில் நாடகக் கதை சொன்னவரே அவர்தானே!

கதை தெரியாமல் போனால் அந்தப் பழைய ஆங்கிலம் புரியாது. 1807இல் சார்லஸ் லாம், மேரி லாம் என்ற உடன்பிறந்தோர் இந்நாடகங்களை உரைநடைக் கதைகளாக எழுதினார்கள். அதை நான் வாசித்து, இரவு ஜெபமாலை முடிந்ததும் அம்மாச்சிக்குத் தமிழில் சொல்லி வருகிறேன். வில்லன் வரும் இடத்தில் நன்றாகத் திட்டுகிறார்.

பிற்பகல் காட்சியே எங்களுக்கு ஏற்றது. மே மாதத்திலும் அங்கே மாலையில் குளிருமாம். புனித பவுல் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, 2000இல் திறந்த நடைபாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் அரங்குக்கு அருகிலேயே இறங்கலாம். அம்மாச்சிக்கும் அம்மாவுக்கும் படி அதிகம் ஏறாதபடி கீழடுக்கில் இரண்டு இருக்கை, மெத்தையோடு. அப்பா, சித்தி, தம்பி, நான் நால்வரும் முற்றத்தில். இந்தக் கணக்கைச் சித்திக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாச்சியிடம் மட்டும் இருக்கையின் விலையை இன்னும் சொல்லவில்லை.