உங்க ஊர் மாநகராட்சியில் சேரப்போகுதா? எல்லைக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஒரே தெரு. இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. குப்பை வண்டி இந்தப் பக்கத்தோட திரும்பிடும். வீட்டு வரி அந்தப் பக்கம் குறைவு. புறநகரில் வீடு வாங்கினவங்களுக்கு இது பழகின காட்சி.

2025 ஜனவரியில் தமிழக அரசு 16 மாநகராட்சிகளுடன் 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைக்கும் முடிவை அறிவித்தது. பல கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. 'நகரம்' ஆவதை ஏன் வேண்டாம்னு சொல்றாங்க?

யார் கோடு போடுறாங்க?

மாநில அரசுதான். அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ பிரிவு சில அளவுகோல்களைச் சொல்கிறது: மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளூர் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலைகளில் இருப்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். ஆனா எது எவ்வளவு இருக்கணும்னு அந்தப் பிரிவில் எண் எதுவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு இணைப்பும் அரசியல் முடிவாகவும் மாறுகிறது.

சிஎம்டிஏ எல்லைன்னா மாநகராட்சியா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. சிஎம்டிஏவின் திட்டமிடல் பகுதியோ 1,189 சதுர கி.மீ. இதை 5,904 ஆக விரிவாக்க 2022-ல் அரசாணை வந்தது. கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு சிஎம்டிஏ எல்லையைப் பொறுத்தது. குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி எல்லாம் உள்ளாட்சி எல்லையைப் பொறுத்தது. 'சிஎம்டிஏ அப்ரூவ்டு' விளம்பரத்தைப் பார்த்து மாநகராட்சி வசதியை எதிர்பார்த்தா ஏமாற்றம்தான்.

சென்னை அனுபவம் என்ன சொல்லுது?

2011-ல் அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் உட்பட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னையோடு இணைந்தன. 174 சதுர கி.மீ. நகரம் ஒரே அடியில் 426 ஆனது. வார்டுகள் 155-ல் இருந்து 200 மட்டுமே ஆயின. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கி, புதுப் பகுதிகளுக்கு 93 ஒதுக்கப்பட்டன.

பெயர்ப் பலகை உடனே மாறியது, வடிகால் மாறலை. வடக்கே இணைந்த பகுதிகளுக்கான கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் ஒப்புதல் தந்தது 2021-ல். இணைப்பு நடந்து 10 வருஷம் கழிச்சு!

கிராமம் எதை இழக்குது?

முதல் பயம், 100 நாள் வேலையாக இருந்தது. 2005-ல் வந்த அந்தச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கானது. அந்தச் சட்டப்படி, ஊராட்சி நகர்ப்புறமானதும் அந்த உரிமை போயிடும் என்ற நிலை இருந்தது. தொழிற்பேட்டையில் வேலை கிடைக்கும் இளைஞருக்கு இது பெரிசாத் தெரியாது. விவசாயக் கூலியை நம்பி இருக்கும் 55 வயது அம்மாவுக்கு அதுதான் கைச்செலவுக் காசா இருந்தது.

இரண்டாவது, கிராம சபை. ஊராட்சித் தலைவரை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு கணக்குக் கேட்கும் இடம் அது. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபா இருக்கு. ஆனா உங்க பகுதி சபா எப்போ கூடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

நகரத்துக்குள்ளேயும் ஒரு கோடு

நகரத்துக்குள் வந்துட்டா மட்டும் எல்லாருக்கும் சமம் கிடையாது. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பகுதி மேம்பாடு முழு நகரத்தையும் எடுத்துக்கலை. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதியை மேம்படுத்தணும்னா குறைந்தது 500 ஏக்கர். சென்னை தி.நகரைத் தேர்ந்தெடுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்த தெருக்கள் அந்தப் பகுதி மேம்பாட்டில் சேரலை.

அப்போ என்ன கேட்கணும்?

உங்க ஊர் இணைப்புப் பட்டியலில் இருந்தால், அறிவிக்கை வந்ததும் ஆட்சேபமோ கருத்தோ எழுத்தில் கொடுங்க. 'வேணும், வேணாம்' என்பதோடு நிறுத்திக்காம மூணு கேள்வி சேர்த்துக் கேளுங்க: வரி எப்போ உயரும்? குடிநீரும் வடிகாலும் எந்த வருஷம் வரும்? 100 நாள் வேலையை நம்பி இருந்தவங்களுக்கு என்ன மாற்று? இந்த மூணுக்கும் தேதியோடு பதில் கேட்க வேண்டிய நேரம், கோடு போடுறதுக்கு முன்னாடிதான்.