இறகுப்பந்து போல இறங்கும் விண்வெளி விமானம்

ஷட்டில் ஆடும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இறகுப்பந்தை எப்படித் தூக்கிப் போட்டாலும் கீழே வரும்போது தக்கைதான் முன்னால் வரும். இறகு பின்னால் நிற்கும். யாரும் திருப்பிவிட வேண்டாம், அதுவே திரும்பிக்கொள்ளும். (நாம் 'காக்' என்றுதான் சொல்வோம். ஆனால் 'காக்கை அடித்தேன்' என்று எழுதினால் தமிழ் ஐயா வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்!)

பயணிகளை விண்வெளி வரைக்கும் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவர ஒரு விமானம் செய்ய நினைத்தார் பர்ட் ருட்டன் என்ற அமெரிக்கர். அவர் பிடித்துக்கொண்டது இந்த இறகுப்பந்து விஷயத்தைத்தான்.

அவருடைய விமானத்தின் பெயர் ஸ்பேஸ்ஷிப்ஒன். இது தரையிலிருந்து கிளம்பாது. 'ஒயிட் நைட்' என்ற தாய் விமானம் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் விட்டுவிடும். அப்புறம்தான் ராக்கெட் எரியும். எரிபொருள் என்ன தெரியுமா? ரப்பர்! அதை எரிய வைப்பது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பூட்டும் வாயு. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எரிந்ததும் என்ஜின் நின்றுவிடும். அதுக்கப்புறம் மேலே எறிந்த கல் மாதிரிதான், அந்த வேகத்திலேயே ஏறி, உச்சிக்குப் போய், விழும்.

2004 ஜூன் 21-இல் மைக் மெல்வில் இதை ஓட்டி 100 கிலோமீட்டரைத் தாண்டினார். மூன்று பேர் எடையோடு இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை அந்த உயரத்தைத் தொட்டால் 1 கோடி டாலர் பரிசு என்று அன்சாரி எக்ஸ் பரிசுக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 29-இலும் அக்டோபர் 4-இலும் பறந்து அதையும் வாங்கிவிட்டார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது என் தம்பி கேட்டான், "அங்கதான் எடையே இருக்காதே, அப்புறம் எப்படி கீழ விழும்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதோடு ஒப்பிட்டால் 100 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அங்கேயும் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் 97 சதவீதம் இருக்கிறது! உள்ளே இருப்பவர் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல. விமானமும் அவரும் சேர்ந்தே விழுகிறார்கள், அதனால் இருக்கை அவரைத் தாங்குவதே இல்லை. அவ்வளவுதான்.

இப்போது இறங்கும் கதை. விழும் விமானம் கோணல்மாணலாகக் காற்றில் மோதினால் உருண்டு உடைந்துவிடும். அதனால் ருட்டன் வால் பகுதி முழுவதும் மேல்நோக்கி மடிகிற மாதிரி செய்தார். மடிந்ததும் விமானம் இறகுப்பந்து ஆகிவிடும். வயிறு கீழே பார்க்க, தானாகவே நேராகி, காற்றில் வேகம் குறைந்து இறங்கும். காற்று அடர்த்தியான இடத்துக்கு வந்ததும் வாலைப் பழையபடி நேராக்கி, கிளைடர் போல ஓடுபாதையில் இறங்கிவிடலாம். எனக்கு இதில் பிடித்ததே, கம்ப்யூட்டர் பார்க்க வேண்டிய வேலையை வடிவமே பார்த்துக்கொள்கிறது என்பதுதான்.

ஆனால் அதே வால்தான் ஓர் உயிரையும் வாங்கியது. ஆறு பயணிகள் உட்காரும்படி வர்ஜின் கேலக்டிக் நிறுவனத்துக்காகக் கட்டிய பெரிய விமானம் ஸ்பேஸ்ஷிப்டூ. 2014 அக்டோபர் 31 அன்று சோதனைப் பறப்பு. ஒலியின் வேகத்தைப் போல 1.4 மடங்கு வந்த பிறகுதான் வாலின் பூட்டைத் திறக்க வேண்டும். துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி 0.8 மடங்கிலேயே திறந்துவிட்டார். வாலை மடிக்க யாரும் சொல்லவில்லை. பூட்டு இல்லாத வாலைக் காற்றே தூக்கிவிட்டது. விமானம் துண்டு துண்டானது. ஆல்ஸ்பரி இறந்துபோனார். விமானி பீட்டர் சீபோல்ட் பாராசூட்டில் உயிர் தப்பினார்.

'விமானி தப்புப் பண்ணிட்டாரு' என்று சொல்லி ஃபைலை மூடியிருக்கலாம். விசாரணை வாரியம் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சில விநாடிகளில் அவருக்கு வேலை அதிகம், அதிர்வும் அதிகம். ஒரு மனிதர் ஒரு தடவை தவறினாலே விமானம் அழியும் என்றால், அப்படி நடக்காதபடி முன்கூட்டியே ஏன் தடுப்பு வைக்கவில்லை என்று 2015-இல் வடிவமைத்தவர்களைத்தான் கேட்டது. அடுத்து வந்த 'யூனிட்டி' விமானத்தில், நேரம் வரும்வரை பூட்டைத் திறக்கவே முடியாதபடி ஒரு தடுப்பு வைத்தார்கள்.

யூனிட்டி 2018-இல் 80 கிலோமீட்டரைத் தாண்டியது. 2021 ஜூலை 11-இல் நம்ம ஆந்திராவில் பிறந்த சிரிஷா பண்ட்லா அதில் போனார். 2023 ஜூனில் காசு கொடுத்தவர்களை ஏற்றத் தொடங்கினார்கள். சில டிக்கெட்டுகள் 4,50,000 டாலருக்கு விற்றன. (நூறு கிலோமீட்டரைத் தொடாமல் அதை விண்வெளி என்பதா என்று சண்டை உண்டு. அமெரிக்கர்களுக்கு 80 போதும்.) 2024 ஜூன் 8-இல் கடைசியாகப் பறந்து யூனிட்டி ஓய்வு பெற்றது.

"டிக்கெட் சும்மா கொடுத்தா போவியா?" என்று தம்பி கேட்டான். போவேன் என்றேன். ஆனால் ஏறும் முன்னால் அந்தத் தடுப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.