மறதி வருமுன் மூளையில் தெரியும் மாற்றம்

கொலம்பியாவின் ஆன்டியோக்கியா மலைப்பகுதியில் சில குடும்பங்களில், நாற்பது வயதைத் தாண்டியதுமே நினைவு தடுமாறத் தொடங்கும். ஐம்பதை எட்டும் வேளையில் அது அல்சைமர் மறதிநோயாகவே மாறிவிடும். ஊராரில் சிலர் இதைச் சூனியம் என்றே நம்பினார்கள். நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980-களிலிருந்து அந்த வீடுகளுக்குத் தேடிப் போய், தலைமுறை தலைமுறையாக வம்சாவளியை எழுதிவைத்தார். பிரெசெனிலின்-1 என்னும் மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு பிழைதான் காரணம் என்று 1995-இல் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஸ்கேன் சொன்ன செய்தி

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ரத்தக்குழாயில் ஏற்றி எடுப்பது அமிலாய்டு பெட் ஸ்கேன். இக்குடும்பத்தாரில் மரபணுப் பிழை உள்ளவர்களுக்குச் சராசரியாக 28 வயதிலேயே மூளையில் அமிலாய்டு படியத் தொடங்குவதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. நினைவு தடுமாறுவதோ சுமார் 44 வயதில்! பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நோய் சத்தமில்லாமல் வளர்கிறது.

தப்பிய பெண்

அதே பிழையுடன் பிறந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுபது வயதுவரை நினைவு தவறவில்லை. பாஸ்டனில் அவருக்கு ஸ்கேன் எடுத்தபோது மருத்துவர்கள் வியந்தார்கள். அமிலாய்டு ஏராளமாக இருந்தது. ஆனால் நரம்பணுக்களின் சிதைவோடு நெருங்கிய தொடர்புள்ள டாவ் புரதம் குறைவு. ஏபிஓஇ மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' என்னும் அரிய மாற்றத்தை அவர் தாய், தந்தை இருவழியிலும் பெற்றிருந்தார். இதுவே அவரைக் காத்திருக்கலாம் என்னும், 2019-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு புதிய மருந்துகளுக்கு வழிகாட்டுகிறது. இவ்வளவு வலுவான பரம்பரைப் பிழையையும் இத்தனை ஆண்டு தள்ளிப்போட முடிந்திருக்கிறது என்பதை நான் பெரிய நம்பிக்கையாகவே பார்க்கிறேன்.

நமக்கு என்ன?

இப்படி நேரடியாகப் பரம்பரையில் இறங்கும் வகை, அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. பரவலாகக் காணப்படும் ஏபிஓஇ-4 என்னும் மரபணு வகை ஆபத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் பலர். ஆகவே நலமாக இருப்பவர்கள் பயந்துபோய் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், காது கேளாமை ஆகியவற்றைக் கவனிப்பதே முதல் வேலை. வீட்டில் யாராவது பழகிய வழியை மறந்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்; நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடும் பி12 வைட்டமின் பற்றாக்குறையும்கூட மறதியை உண்டாக்கும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.