கொரோனா காலத்தில் புற்றுநோய் ஆபரேஷன்: எது ஆபத்து?

ஜமுனாமரத்தூர்க்காரருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை என்றால் ஜவ்வாது மலையை விட்டு இறங்கியாக வேண்டும். போளூர் வழியாகத் திருவண்ணாமலை, இல்லையென்றால் வேலூர். 2020 மார்ச் 24 மாலை கொரோனா ஊரடங்கால் பஸ் நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ்கள், ஜூனில் சில வாரம் மண்டலத்துக்குள் ஓடியது தவிர, செப்டம்பர் 7 வரை வரவில்லை. இடையில் மாவட்டம் தாண்ட ஆன்லைனில் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். செல்போன் சிக்னலே சரியாகக் கிடைக்காத குக்கிராமங்களில் அதை எப்படி எடுப்பது?

அந்த மார்ச் கடைசியில் கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், வயது 65, புற்றுநோயாளியான மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் துண்டால் தன்னோடு கட்டிக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை 120 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தார். சமவெளி, முடிந்தது. மலைப்பாதையில் யாரால் முடியும்?

பயணம் இப்படியிருக்க, அப்போது பலரும் அஞ்சியது ஆபரேஷனைத்தான். அதில் நியாயமும் இருந்தது. மயக்கம் கொடுத்து, தொண்டையில் குழாய் விட்டு, கருவியால் மூச்சு ஓட்டும்போது நுரையீரல் தளரும். அதே நேரம் கொரோனாவும் உடலில் இருந்தால் சமாளிப்பது கடினம். 24 நாடுகளில் அப்படிப்பட்ட 1,128 பேரைப் பார்த்த ஆய்வில், கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்.

ஆனால் அது ஆபரேஷனை ஒட்டித் தொற்று கண்டவர்களின் கணக்கு. தொற்று இல்லாதவர்களின் கதை வேறு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை திட்டமிட்ட பெரிய புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் 494 செய்தது. ஆபரேஷனுக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வில், கொரோனா நோயாளிகள் வராத தனி வார்டு, தனி ஆபரேஷன் தியேட்டர் வைத்திருந்த இடங்களில் நுரையீரல் சிக்கல் 2.2 சதவீதம்; அப்படிப் பிரிக்காத இடங்களில் 4.9.

பிரித்து வைத்தால் பாதுகாப்பு. இவ்வளவுதான் விஷயம்.

காத்திருப்பதுதான் சத்தமில்லாமல் கொல்லும். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. நம் நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 2019 மார்ச் முதல் மே வரை நடந்த பெரிய அறுவை சிகிச்சைகள் 17,120. அடுத்த ஆண்டு அதே மூன்று மாதத்தில் 8,677. புதிதாகப் பதிவுசெய்தவர்களும் பாதிக்கு மேல் குறைந்தார்கள். நோய் குறைந்துவிடவில்லை, வர வழியில்லை.

ஆகவே மலையில் இருப்பவருக்கு ஆபரேஷன் பாதுகாப்பு என்பது தியேட்டர் வாசலில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலுக்கு வரும் வண்டியில் தொடங்குகிறது. இனியொரு ஊரடங்கு வந்தால், தேதி குறிக்கப்பட்ட புற்றுநோயாளிகளின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் முதல் நாளே கையில் எடுத்து ஜமுனாமரத்தூருக்கு வண்டி அனுப்ப வேண்டும். நோயாளிக்கும் ஒரு வேண்டுகோள்: குறித்த தேதியை டாக்டரைக் கேட்காமல் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.